தொட்டால் திருந்தும் பக்கம்

உலகின் முதல் வலை பிரவுசரில் படிக்கவும் முடியும், எழுதவும் முடியும். 1990-ன் இறுதியில், ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வு மையத்தில், நெக்ஸ்ட் கணினி ஒன்றில் டிம் பெர்னர்ஸ்-லீ அதை எழுதி முடித்தார். பெயர் வேர்ல்டுவைடுவெப். பக்கத்தைத் திறந்து, எழுத்துகளுக்கு நடுவே கர்சரை வைத்து, அங்கேயே அழிக்கலாம், சேர்க்கலாம். ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து அதிலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இணைப்புப் போடலாம். படிப்பவர் ஒரு பக்கம், எழுதுபவர் ஒரு பக்கம் என்ற பிரிவே அவர் மனத்தில் இல்லை. எழுத்தைத் திருத்தும் வேலைக்கான ஆயத்தப் பகுதி நெக்ஸ்ட் கணினியிலேயே இருந்தது அவருக்குப் பெரிய துணை.

ஆனால் நெக்ஸ்ட் விலை அதிகம். ஆய்வு மையத்திலேயே பலரிடம் அது கிடையாது. எந்தக் கணினியிலும் ஓடட்டும் என்று நிக்கோலா பெல்லோ என்ற மாணவி அங்கேயே உருவாக்கி, 1991-ல் வெளிவந்த பிரவுசர், எழுத்துகளை மட்டும் வரிவரியாகக் காட்டியது. அதில் படிக்கத்தான் முடியும். 1993-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பினாவும் உருவாக்கிய மொசைக், வலையைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. அதிலும் பக்கத்தின் மேலேயே கை வைத்துத் திருத்த வழியில்லை.

எழுதும் வசதியை யாரும் திட்டமிட்டுப் பறித்ததாக நான் நினைக்கவில்லை. காட்டுவது எளிது, திருத்த விடுவது கடினம். ஒரு பக்கத்தைக் காட்ட, மேலிருந்து கீழே ஒருமுறை படித்துத் திரையில் வரைந்தால் போதும். திருத்த விட்டால், கர்சர் எந்தக் குறியீட்டு டேக்குக்குள் நிற்கிறது, இரண்டு பத்திகளின் நடுவில் அழித்தால் எதோடு எது சேர வேண்டும், தடித்த எழுத்தின் ஓரத்தில் தட்டிய அடுத்த எழுத்து தடித்து வருமா, சாதாரணமாக வருமா, செய்ததைத் திரும்பப் பெறுவது எப்படி என்று ஓயாமல் கணக்குப் பார்க்க வேண்டும். அவசரத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் அந்த வேலையைத் தள்ளிப்போட்டார்கள். தள்ளிப்போட்டது மறந்துபோனது. வலை என்றால் படிப்பதற்கு என்று ஒரு தலைமுறை பழகிவிட்டது. அந்த இழப்பு எப்படித் திரும்பி வந்தது, வந்தபின் என்ன பாடுபட்டது என்பதுதான் இந்தக் கதை.

முதலில் கிடைத்தது ஒரு பெட்டி. படிவத்தின் நடுவே பல வரிகள் தட்டிக்கொள்ள உதவும் டெக்ஸ்ட்ஏரியா. 1995 மார்ச்சில் வார்டு கன்னிங்காம் தொடங்கிய விக்கிவிக்கிவெப், அந்தப் பெட்டி ஒன்றை வைத்தே யாரும் எந்தப் பக்கத்தையும் திருத்தலாம் என்று காட்டியது. விக்கிப்பீடியாவின் வேர் அங்கே இருக்கிறது. ஆனால் பெட்டிக்குள் தெரிவது பக்கம் அல்ல, பக்கத்தின் மூலம். குறியீடுகளோடு தட்டி, அனுப்பி, முழுப் பக்கமும் மறுபடி வந்து இறங்கக் காத்திருந்து, என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். ஒரு காற்புள்ளியை மாற்றவும் அதே சுற்று.

அதே 1995-ல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினார். வந்த புதிதில் அதனால் பக்கத்தில் அதிகம் தொட முடியவில்லை. படிவப் பெட்டிகளைத் தொடலாம், அடுத்த பதிப்பில் படங்களை மாற்றலாம், பக்கம் இறங்கும்போதே அதில் எதையாவது எழுதிச் செருகலாம். இறங்கி முடிந்த பத்தி கல்வெட்டு மாதிரி அப்படியே நிற்கும். 1997-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 அதை மாற்றியது. பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு பத்தியையும் படத்தையும் அட்டவணையையும் நிரலால் பெயர்சொல்லிக் கூப்பிட்டு, மாற்றி, நீக்கி, புதிதாகச் சேர்க்கலாம். மாற்றியதும் பிரவுசர் அந்த இடத்தை மட்டும் திரும்ப வரையும். இன்னர்எச்டிஎம்எல் என்ற வழி அந்தக் காலத்துச் சரக்கு. இன்றும் நாள்தோறும் புழங்குகிறது. டைனமிக் எச்டிஎம்எல் என்று விளம்பரம் செய்தார்கள். நெட்ஸ்கேப் வேறொரு வழியில் போனதால், ஒரே வேலைக்கு இரண்டு நிரல் எழுத வேண்டிய காலம் அது. 1998 அக்டோபரில் வலைத் தர அமைப்பான டபிள்யூ3சி முதல் பொது விதிகளை வெளியிட்டது. டாம் என்று இன்று நிரலர்கள் சொல்வது அதைத்தான்: பக்கத்தை மரம் போலக் கிளைகிளையாகப் பிரித்து, எந்தக் கிளையையும் தொடலாம் என்ற ஏற்பாடு.

நிரல் தொடலாம் என்றாயிற்று. வாசகர் விரல்?

2000 ஜூலையில் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.5-ல் அது நடந்தது. டேக்குக்குள் எழுதும் ஒரே ஒரு சொல், கன்டென்ட்எடிட்டபிள். அதை 'ட்ரூ' என்று வைத்தால் போதும். அதுவரை பார்க்க மட்டும் கிடைத்த பத்திக்குள் கர்சர் வந்து துடிக்கும். தட்டினால் எழுத்து சேரும், தேர்ந்தெடுத்து அழித்தால் போகும், தடித்த எழுத்து தடித்தே நிற்கும். பக்கம் முழுவதையும் இப்படித் திறந்துவிட டிசைன்மோடு என்ற இன்னொரு சாவி. கூடவே எக்ஸெக்கமாண்ட். தேர்ந்தெடுத்த பகுதியைத் தடிப்பாக்கு, சாய்வாக்கு, பட்டியலாக்கு, இணைப்பு வை என்று பிரவுசருக்கே உத்தரவு போடும் வழி அது. எந்த எடிட்டரின் தலையிலும் வரிசையாக நிற்கும் பட்டன்கள் வெகுகாலம் அதை நம்பித்தான் ஓடின.

பெர்னர்ஸ்-லீயின் எண்ணத்தை நிறைவேற்ற வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் இதைச் செய்யவில்லை. பக்கங்களைக் காட்டும் அதே எந்திரத்தைத்தான் அவுட்லுக் எக்ஸ்பிரஸில் அலங்காரமான மின்னஞ்சல் எழுதவும் அவர்கள் பயன்படுத்தினார்கள். எனவே எழுதும் திறன் அதற்குள் ஏற்கெனவே வளர்ந்திருந்தது. அதை வலைப்பக்கத்துக்கும் திறந்துவிட்டார்கள். அதோடு பொது விதி எதுவும் வரவில்லை. எந்த விசைக்கு என்ன நடக்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பின்னால் வந்த தொல்லை எல்லாம் இந்த ஒரு குறையிலிருந்து கிளைத்ததுதான்.

2003 மார்ச்சில் மொசில்லா 1.3 டிசைன்மோடை ஏற்றது. அந்த மாதமே பிரெடரிக்கோ கால்டெய்ரா நாபென் எஃப்சிகே எடிட்டரை வெளியிட்டார். மறு ஆண்டு சுவீடனிலிருந்து டைனிஎம்சிஇ வந்தது. 2005 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 2.0 அதைத் தனக்குள் சேர்த்துக்கொண்டது. பக்கத்துக்குள் ஒரு குட்டிப் பக்கத்தை ஐஃப்ரேமாகப் பதித்து, அந்தக் குட்டிப் பக்கத்தை மட்டும் திருத்தலாம் என்று திறந்துவிடுவது அன்றைய உத்தி. குறியீடு தெரியாதவரும் தடித்த தலைப்போடு, படத்தோடு, தன் பக்கத்தைத் தானே எழுதினார். வலையை நிரலர் கையிலிருந்து ஆசிரியர், மாணவர், சமையல் எழுதும் இல்லத்தரசி என எல்லோர் கைக்கும் மாற்றியதில் இந்த எடிட்டர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்கேற்ற மரியாதை அவற்றுக்குக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

அந்த ஆண்டுகளில் தமிழில் எழுதியவர்கள் இன்னொரு பெட்டியையும் அறிவார்கள். எ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைப் போட முடியாத பிரவுசிங் சென்டர் கணினியில், ரோமன் எழுத்தில் 'அம்மா' என்று தட்டத் தட்டத் தமிழாக மாற்றித் தரும் பக்கம். மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி. கீழே விழுந்ததை வெட்டி எடுத்து எடிட்டரில் ஒட்ட வேண்டும். அதுவும் நிரலால் நொடிக்கு நொடி மாறும் பக்கப் பகுதிதான். எடிட்டருக்கு நம் எழுத்து தெரியாதபோது நம்மவர்களே கட்டிக்கொண்ட பாலம் அது.

இனி, விதியில்லாமல் வந்ததன் விளைவைக் கிட்டத்தில் பார்ப்போம். என்டர் விசை. திருத்தும் பகுதியில் ஒரு வரி தட்டி என்டர் அழுத்தினால் என்ன நடக்க வேண்டும்? புதிய வரி என்று எல்லோரும் சொல்வோம். எக்ஸ்ப்ளோரர் அங்கே பத்தி டேக் போட்டது. ஃபயர்ஃபாக்ஸ் வெறும் வரி உடைப்பு டேக் போட்டது. சஃபாரியும் குரோமும் டிவ் டேக் போட்டன. கண்ணுக்கு மூன்றும் புதிய வரிதான். சேமித்து எடுத்தால் மூன்றும் வேறு வேறு ஆவணம். எக்ஸ்ப்ளோரரில் தொடங்கிய கட்டுரையை ஃபயர்ஃபாக்ஸில் திறந்து இரண்டு பத்தி சேர்த்து, பிறகு சஃபாரியில் ஒரு வரியை அழித்தால், உள்ளே மூன்று வழக்கமும் கலந்து கிடக்கும். தடித்த எழுத்திலும் இதே கதை. ஒன்று ஸ்ட்ராங் டேக் போடும், ஒன்று பி டேக் போடும், ஒன்று ஸ்பான் டேக்கில் எழுத்தின் தடிமனைக் குறித்து வைக்கும். ஒரு பிரவுசரில் தடிப்பாக்கியதை இன்னொன்றில் சாதாரணமாக்கப் பட்டனை அழுத்தினால் எழுத்து அசையாமல் நிற்கும். இதை அனுபவித்தவர் 'எடிட்டர் மக்கர் பண்ணுது' என்று நகர்ந்திருப்பார். எடிட்டர் எழுதியவரோ அந்த ஒரு பட்டனுக்காக எத்தனையோ மாலைகளைத் தொலைத்திருப்பார்.

வேர்டிலிருந்து காப்பி செய்து ஒட்டுவது இதைவிடக் கொடுமை. கண்ணுக்கு ஒரு பத்தி. உள்ளே எழுத்துரு, ஓரம், வரி உயரம், 'எம்எஸ்ஓ' என்று தொடங்கும் பெயர்கள், வேர்டுக்கு மட்டுமே புரியும் குறிப்புகள் என்று பத்தியைவிடப் பல மடங்கு குப்பை. ஒரு கட்டுரையின் நடுவில் திடீரென்று எழுத்தின் அளவும் உருவமும் மாறினால், அந்தப் பத்தி வேறெங்கோ எழுதி ஒட்டப்பட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஒட்டும்போதே சலித்து எடுக்கும் வேலை எடிட்டர்களின் நிரலில் பெரிய இடத்தைப் பிடித்திருக்கிறது.

பக்கத்தில் யாரும் எதையும் சேர்க்கலாம் என்றால் கெட்டதையும் சேர்க்கலாம். 2005 அக்டோபரில் சாமி கம்கார் என்ற பத்தொன்பது வயது இளைஞர், மைஸ்பேஸ் தளத்தில் தன் அறிமுகப் பக்கத்தைத் திருத்தும் பெட்டியில் எச்டிஎம்எல்லோடு நிரலையும் ஒளித்து வைத்தார். ஜாவாஸ்கிரிப்ட் என்ற சொல்லைத் தளம் தடுத்தது. சொல்லின் நடுவில் ஒரு வரி உடைப்பு வைத்தார். சலிப்பான் விட்டுவிட்டது, பிரவுசர் சேர்த்துப் படித்துக்கொண்டது. அந்தப் பக்கத்தைப் பார்த்தவர் ஒவ்வொருவரும் தாமறியாமலே அவருக்கு நண்பராகி, அதே நிரலைத் தம் பக்கத்திலும் ஏற்றுக்கொண்டார்கள். இருபது மணி நேரத்துக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர். மைஸ்பேஸ் தளத்தையே கொஞ்ச நேரம் மூட வேண்டியதாயிற்று. வாசகர் எழுதியதை அப்படியே பக்கத்தில் ஊற்றக்கூடாது, அனுமதித்த டேக்குகளை மட்டும் விட்டு மற்றதைக் களைய வேண்டும் என்ற பாடம் அதற்கு முன்பே நிபுணர்களுக்குத் தெரியும். அதை எல்லோருக்கும் உறைக்கச் செய்தது அந்த ஒரு நாள்.

அதே 2005-ல், ஆகஸ்டில், ரைட்லி என்ற தளம் திறந்தது. சாம் ஷிலேஸ், ஸ்டீவ் நியூமன், கிளாடியா கார்ப்பென்டர் என்ற மூவரின் முயற்சி. கன்டென்ட்எடிட்டபிளைக் கொண்டு முழு ஆவணத்தையே பிரவுசரில் எழுதலாம், பலர் சேர்ந்து எழுதலாம் என்றது அது. மறு ஆண்டு மார்ச்சில் கூகுள் அதை வாங்கியது. அதுதான் கூகுள் டாக்ஸ் ஆயிற்று.

2010-ல் கூகுள் டாக்ஸ் அந்த அடித்தளத்தையே கைவிட்டது. பிரவுசருக்கு ஒரு நியாயம் என்று இருக்கும்போது, இருவர் ஒரே வரியில் ஒரே நேரத்தில் எழுதினால் எந்தப் பிரதியை நம்புவது? எனவே எழுத்து எங்கே விழும், வரி எங்கே மடங்கும், கர்சர் எங்கே நிற்கும் என எல்லாவற்றையும் தம் நிரலே கணக்கிட்டு வரையும்படி மாற்றி எழுதினார்கள். டாக்ஸில் துடிக்கும் கர்சர் பிரவுசரின் கர்சரே அல்ல; கர்சர் போல நிறுத்திவைத்த மெல்லிய கோடு. ஆனாலும் விசைகளை வாங்க ஒரு வாசல் வேண்டுமே. கண்ணுக்குத் தெரியாத குட்டி ஐஃப்ரேம் ஒன்றுக்குள் கன்டென்ட்எடிட்டபிள் அங்கேயும் உட்கார்ந்திருக்கிறது. பெரிய வீட்டை இடித்துக் கட்டியவர்களும் அந்த ஒரு கதவை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 2021-ல் எழுத்துகளைக் கேன்வாஸில் படமாகவே வரையும் முறைக்கு டாக்ஸ் மாறப்போவதாக அறிவித்தார்கள்.

எல்லோரிடமும் கூகுளின் ஆள்பலம் இல்லை. மற்றவர்கள் வேறு வழி தேடினார்கள். மீடியம் தளத்தின் எடிட்டரை எழுதிய நிக் சாண்டோஸ் 2014-ல் எழுதிய கட்டுரை ஒன்று நிரலர்களிடையே வெகுவாகப் பேசப்பட்டது. கன்டென்ட்எடிட்டபிள் ஏன் மோசம் என்பதுதான் அதன் பொருள். திரையில் ஒரே மாதிரி தெரியும் வரியை உள்ளே பல விதமாக எழுதலாம் என்பதை நோயின் வேராக அவர் காட்டினார். ஒரு சொல் தடிப்பாகவும் சாய்வாகவும் இருந்தால் தடிப்புக்குள் சாய்வா, சாய்வுக்குள் தடிப்பா? கண்ணுக்கு வித்தியாசமில்லை, நிரலுக்கு உண்டு. மருந்து இதுதான்: ஆவணம் என்னவென்பதை எடிட்டர் தன்னிடம் தனியாக, ஒரே ஒரு விதமாக எழுதி வைத்துக்கொள்ளட்டும். 'இந்தப் பத்தியில் ஐந்தாம் எழுத்து முதல் ஒன்பதாம் எழுத்து வரை தடிப்பு' என்பது போல. விசை விழும்போது முதலில் அந்தக் குறிப்பை மாற்று, பிறகு அதைப் பார்த்துப் பக்கத்தில் மாறிய துண்டை மட்டும் புதுப்பி. பிரவுசர் பக்கத்தில் கிறுக்கியதை ஆவணமென்று நம்பாதே.

அந்த எண்ணம் அப்போது காற்றிலேயே இருந்தது. 2013-ல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட் அதைத்தான் பக்கம் முழுவதற்கும் சொன்னது: தகவல் ஓரிடத்தில் இருக்கட்டும், திரை அதிலிருந்து பிறக்கட்டும். எடிட்டர்களில் அதைச் சீராகச் செய்து காட்டியவர் மரைன் ஹாவர்பெக்கே. அவருடைய புரோஸ்மிரர் 2015-ல் பொதுமக்கள் நிதியில் தொடங்கியது. எந்த டேக்குக்குள் எது வரலாம் என்று தளம் நடத்துபவரே சட்டம் போடலாம். சட்டத்துக்குப் புறம்பானது உள்ளே நுழையவே முடியாது. நியூயார்க் டைம்ஸ் செய்தி அறையின் எடிட்டர் அதன் மேல் கட்டப்பட்டது. 2016-ல் ஃபேஸ்புக்கின் டிராஃப்ட் வந்தது. இவை எல்லாவற்றின் அடியிலும் அதே பழைய கன்டென்ட்எடிட்டபிள்தான். ஆனால் இப்போது அதன் கையில் பேனா மட்டும், பேரேடு எடிட்டரிடம்.

இதற்கிடையில் 2013 ஜூலையில் விக்கிப்பீடியா, குறியீடு தெரியாமல் பக்கத்திலேயே திருத்தும் விஷுவல்எடிட்டரை ஆங்கிலத்தில் எல்லோருக்கும் திறந்தது. பழைய தொகுப்பாளர்கள் கொதித்தார்கள். வேகமில்லை, வார்ப்புருக்கள் உடைகின்றன என்றார்கள். செப்டம்பரில் வேண்டியவர் மட்டும் தேர்ந்தெடுக்கலாம் என்று பின்வாங்க வேண்டியதாயிற்று. எதிர்த்தவர்கள் சொன்ன குறைகள் உண்மையானவை. ஆனாலும் புதிதாக எழுத வருபவருக்கு வளைவு அடைப்புகளின் காட்டைக் காட்டிப் பயமுறுத்தாத வழி வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

வேர்ட்பிரஸ் இதே போராட்டத்தை 2018 டிசம்பர் 6 அன்று சந்தித்தது. 5.0 பதிப்போடு குட்டன்பர்க் வந்தது. நீளமான ஒரே காகிதம் போலிருந்த எடிட்டர் போய், பத்தி ஒரு பிளாக், படம் ஒரு பிளாக், மேற்கோள் ஒரு பிளாக், படிவம் ஒரு பிளாக் என்றாயிற்று. கூட்டல் குறியை அழுத்தினால் புதிய பிளாக். பிடித்து இழுத்தால் மேலே கீழே நகரும். ஒவ்வொன்றுக்கும் தனி அமைப்புகள். சேமிக்கும்போது ஒவ்வொரு பிளாக்கின் தலையிலும் காலிலும் எச்டிஎம்எல் குறிப்புரையாக ஒரு வரி எழுதி வைக்கிறது. பிரவுசர் அந்த வரியைக் கண்டுகொள்ளாது, எடிட்டர் அதை வைத்தே பிளாக்கை அடையாளம் காணும். பழைய கட்டுரைகள் உடையாமல் புதிய ஏற்பாட்டுக்குள் வர இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை. பழைய எடிட்டரே போதும் என்றவர்களுக்காக அதைத் தனிச் செருகுநிரலாக வைத்திருக்கிறார்கள். லட்சக்கணக்கான தளங்கள் இன்னும் அதை விடவில்லை.

இவ்வளவு தூரம் வந்த எடிட்டர், தமிழ் எழுத்தின் முன்னால் வந்து தடுமாறுகிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

'கொ' என்று ஒரு எழுத்து. நமக்கு ஒன்று. யூனிகோடில் இரண்டு: க, அதன் பின் ஒகரக் குறி. ஜாவாஸ்கிரிப்டில் நீளம் கேட்டால் 2 என்கிறது. 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து, அதற்கு 7. 'கெ' என்பதில் கொம்பு இடப்பக்கம் தெரிந்தாலும் கோப்பில் க-வுக்குப் பின்னால்தான் இருக்கும். இது தெரியாமல் எழுதிய நிரல், முதல் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்ட ஒன்றாம் இடத்தில் வெட்டினால், பெரிய 'க' ஒன்று தனியாக நிற்கும். கொம்பு அடுத்த டேக்குக்குள் போய், தாங்க எழுத்தில்லாமல், புள்ளி வட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்கும். அந்தப் புள்ளி வட்டத்தைத் தமிழ்ப் பக்கங்களில் பார்க்காத வாசகர் இருக்க மாட்டார். எழுத்துரு கெட்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பல நேரம் எழுத்துருவின் குற்றமே இல்லை; நடுவில் யாரோ கத்தி வைத்திருக்கிறார்கள்.

தட்டுவதில் சிக்கல் இன்னும் ஆழம். ஆங்கிலத்தில் ஒரு விசை, ஒரு எழுத்து. ஆண்ட்ராய்டு போனில் ஒலிமுறையில் தமிழ் தட்டும்போது, எழுத்து உருவாகிக்கொண்டே இருக்கும். ம் வந்து, ம்ம் ஆகி, ம்ம ஆகி, சொல் முடியும்போதுதான் நிலைக்கும். கம்போசிஷன் என்று பிரவுசர் அழைக்கும் இந்தக் கட்டத்தில், எந்த விசை அழுத்தப்பட்டது என்று எடிட்டர் கேட்டால் கிடைக்கும் எண் 229. எந்த விசைக்கும் அதே 229. 'ஏதோ நடக்கிறது, காத்திரு' என்று அதற்குப் பொருள். ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்து எழுதிய எடிட்டர் காத்திருப்பதில்லை. தன் பேரேட்டைப் பார்த்து அந்தப் பத்தியை நடுவிலேயே திரும்ப வரைந்துவிடும். கால் தரித்த இடம் போய்விட்டதால் விசைப்பலகை குழம்பும். எழுத்து இரட்டிக்கும், விழுங்கப்படும், அல்லது கர்சர் வரியின் தொடக்கத்துக்குத் தாவும். ஜப்பானிய, சீன, கொரிய மொழிக்காரர்கள் பல்லாண்டு புகார் சொல்லிச் சொல்லித்தான் பெரிய எடிட்டர்கள் இதில் பொறுமை கற்றன. அவர்கள் போட்ட பாதையில் நாமும் நடக்கிறோம்.

விக்கிமீடியா தன் பங்குக்கு ஜேக்வெரி ஐஎம்இ என்ற நிரல் தொகுப்பை உருவாக்கியது. கணினியில் எதையும் நிறுவாமலே, பக்கத்துக்குள்ளேயே தமிழ்99 முறையிலோ ஒலிமுறையிலோ தட்டலாம். சாதாரணப் பெட்டியிலும் வேலை செய்யும், கன்டென்ட்எடிட்டபிள் பகுதியிலும் வேலை செய்யும். முன்பு இரண்டு பெட்டிக்கிடையே வெட்டி ஒட்டியதை நினைத்தால், இது எவ்வளவு பெரிய விடுதலை என்று புரியும்.

பேக்ஸ்பேஸ் விசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'கொ' தட்டிவிட்டுப் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் பெரும்பாலான இடங்களில் ஒகரக் குறி மட்டும் போய் 'க' நிற்கும். கோ என்று திருத்த வேண்டியவருக்கு அதுவே சௌகரியம். 'எழுத்தை முழுதாக மதிக்கிறேன்' என்று சில எடிட்டர்கள் மொத்த எழுத்தையும் அழிக்கின்றன. நல்லெண்ணம்தான், ஆனால் தட்டுகிறவர் கை அப்படிப் பழகவில்லை. எழுத்தை எண்ணுவதற்கும் வெட்டுவதற்கும் முழு எழுத்து, பின்னோக்கி அழிக்கும்போது தட்டிய வரிசை. இரண்டும் வேறு வேறு கணக்கு.

எண்ணுவதற்கு இப்போது நல்ல கருவி இருக்கிறது. இன்டில் செக்மென்டர் என்ற பகுதி, தமிழ்ச் சொல்லை எழுத்துவாரியாகப் பிரித்துத் தரும். குரோமில் 2020-லும் சஃபாரியில் 2021-லும் வந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2024 ஏப்ரலில்தான் சேர்த்தது. 'கொ' அதற்கு ஒன்றுதான். க்ஷ, ஸ்ரீ இரண்டையும் மட்டும் இவ்விரண்டு துண்டாக எண்ணும். அவற்றை ஒன்றாக எண்ண வேண்டுமானால் நாமே ஒரு விதி சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கன்டென்ட்எடிட்டபிளின் நிலைமையும் சீராகி வருகிறது. எச்டிஎம்எல்5 விதிகளில் அதற்கு முறையான இடம் கிடைத்தது. ஒரு மாற்றம் பக்கத்தில் விழுமுன்பே எடிட்டரிடம் சொல்லும் பிஃபோர்இன்புட் அறிவிப்பு, 2021-ல் ஃபயர்ஃபாக்ஸும் சேர்ந்ததோடு எல்லாப் பெரிய பிரவுசரிலும் கிடைத்தது. ஒட்டும்போது குப்பை எதுவும் வராமல் வெறும் எழுத்தை மட்டும் ஏற்கும் வகை, 2025 மார்ச்சில் எல்லாவற்றிலும் நிறைவடைந்தது. எக்ஸெக்கமாண்டை இனிப் பயன்படுத்தாதீர்கள் என்று விதி எழுதுவோர் சொல்லிவிட்டார்கள். ஆனால் எடுத்துவிட்டால் எண்ணற்ற பழைய தளங்கள் முடங்கும் என்பதால் எந்தப் பிரவுசரும் அதை எடுக்கவில்லை.

2024 ஜனவரியில் குரோம் 121-ல் எடிட்கான்டெக்ஸ்ட் வந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் முன்னின்று உருவாக்கியது. டாக்ஸ் போல எல்லாவற்றையும் தானே வரையும் எடிட்டருக்கு இனி ஒளித்துவைத்த கதவு தேவைப்படாது. உருவாகிக்கொண்டிருக்கும் சொல் எது, திரையில் எந்த இடத்தில் நிற்கிறது என்று எடிட்டர் விசைப்பலகைக்கு நேரடியாகச் சொல்லலாம். நம்மைப் போல எழுத்தைக் கூட்டித் தட்டுகிறவர்களுக்குத்தான் அதனால் அதிகப் பயன்.

எடிட்டர் செய்யும் தமிழ் இளைஞர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பது இது: வெளியிடுமுன் ஆண்ட்ராய்டு போன் ஒன்றில், தமிழ் விசைப்பலகையில், 'கொண்டு', 'ஸ்ரீ', 'பக்ஷி' மூன்றையும் ஒரே வரியில் தட்டுங்கள். நடுச் சொல்லைத் தடிப்பாக்குங்கள். அதற்குள் கர்சரை வைத்து ஒரு எழுத்தை அழித்து வேறொன்று சேருங்கள். இன்னொரு போனில் ஒருவர் அதே வரியைத் திருத்தும்போதும் செய்து பாருங்கள். புள்ளி வட்டம் தலைகாட்டினால், அன்று வெளியிட வேண்டாம்.